பழைய ரிவால்வரையும் இன்றைய பிஸ்டலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ரிவால்வர் நல்லதா பிஸ்டல் நல்லதா என்று யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் எண்ணிக்கைதான்: அதில் 6 தோட்டா, இதில் 17. உண்மைதான், ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிட உட்கார்ந்தால் இரண்டைப் பற்றியும் உருப்படியாக எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. ஒன்றின் டிரிகர் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது, இன்னொன்று ஏன் அவ்வப்போது சிக்கிக்கொள்கிறது, பழையது அபூர்வமாகச் சிக்கினாலும் ஏன் அதைச் சரிசெய்ய பட்டறைக்கே போக வேண்டியிருக்கிறது, இதற்கெல்லாம் அந்த எண்ணில் பதில் கிடையாது.

நான் எப்போதும் முதலில் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. ஒரு தோட்டா வெடித்துவிட்டது, அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்து ஃபயரிங் பின்னுக்கு (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசிக்கு) முன்னால் நிறுத்துகிற வேலையை யார் செய்கிறார்கள்? ரிவால்வரில் உங்கள் விரல் செய்கிறது. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில், சற்று முன் வெடித்த தோட்டாவின் சக்தியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மற்ற எல்லா வித்தியாசமும், எடை, டிரிகர், கோளாறு, பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாமே, இதிலிருந்துதான் கிளம்புகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் ஒப்பீடு தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

உரிமமுள்ள துப்பாக்கி, முறையான சுடும் தளம், பக்கத்தில் ஒரு பயிற்சியாளர், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு, இவை இருக்கிறவர்களுக்காகத்தான் கீழே உள்ள செய்முறைப் பகுதி. சுடப் போவதில்லை, தெரிந்துகொள்ள மட்டும் விரும்புகிறேன், கதை எழுதுகிறேன் என்பவர்களும் வாசிக்கலாம், அவர்களுக்கும் இதே விஷயம்தான் வேண்டும்.

எதை எதோடு வைப்பது

"பழைய ரிவால்வர்" என்று சொன்னால் ஒருவர் மனதில் 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி வரும், இன்னொருவர் மனதில் போலீஸ்காரர் இடுப்பில் தொங்குகிற டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் வரும். இரண்டும் வேறு வேறு ஜாதி. முதலாவதில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை (பின்புறத்தில் உள்ள சிறு சுத்தியலை) பின்னுக்கு இழுத்துவிட்டுத்தான் சுட முடியும். இரண்டாவதில் டிரிகரை இழுத்தாலே ஹேமர் எழுந்து விழும், விரும்பினால் கையாலும் இழுத்து நிறுத்தலாம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒப்பீடு குழம்பிவிடும்.

நான் எடுத்துக்கொள்வது ஸ்மித் அண்ட் வெஸன் மிலிட்டரி அண்ட் போலீஸ். 1899-ல் வந்தது, 1957-ல் மாடல் 10 என்று பெயர் மாறியது, .38 ஸ்பெஷல் தோட்டா, 6 அறை, 4 அங்குல பேரல் (குண்டு ஓடுகிற குழாய்). எதிர்ப்பக்கம் கிளாக் 17. ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் தேர்ந்தெடுத்தது, 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா, மேகசினில் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில்) 17, பாலிமர் சட்டகம். இவை இரண்டும் அந்தந்தக் காலத்தில் போலீஸ் கையில் மிகப் பரவலாக இருந்தவை, அதனால் நியாயமான ஜோடி. உங்களிடம் இருப்பது வேறு மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் குட்டை ரிவால்வரைப் பெரிய பிஸ்டலோடு வைத்துப் பார்த்துவிட்டு ரிவால்வரில் குறி தவறுகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அளவும் வேலையும் ஒத்துப்போகிற இரண்டைத்தான் எடுக்க வேண்டும்.

காலியா என்று பார்ப்பதிலேயே முதல் வித்தியாசம்

கையில் எடுத்ததும் முனை பாதுகாப்பான திசையில், விரல் டிரிகருக்கு வெளியே. அப்புறம் காலியா என்று பார்க்க வேண்டும், இங்கே இரண்டும் எப்படிப் பிரிகின்றன என்று நன்றாகக் கவனியுங்கள்.

ரிவால்வரில் இடப்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளி சிலிண்டரை (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளையை) வெளியே சாய்க்கிறீர்கள், ஆறு அறையும் உங்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. நடுக்கம்பியை ஒரு அழுத்து, உள்ளே ஏதாவது இருந்தால் வெளியே வந்து விழும். ஒளிந்துகொள்ள இடமே இல்லை. (பக்கவாட்டுக் கதவு வழியாக ஒவ்வொன்றாக ஏற்றுகிற கோல்ட் வகைகளில் மட்டும் சிலிண்டரை மெல்லச் சுழற்றி ஒவ்வோர் அறையாகப் பார்க்க வேண்டும்.)

பிஸ்டலில் தோட்டா இரண்டு இடத்தில் இருக்கிறது, மேகசினிலும், பேரலின் பின்முனையில் உள்ள அறையான சேம்பரிலும். அதனால் வரிசை முக்கியம். முதலில் மேகசினை வெளியே எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு ஸ்லைடை (பேரலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடுகிற மேல்பாகத்தை) பின்னுக்கு இழுத்துச் சேம்பரில் இருப்பதை வெளியேற்ற வேண்டும், ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்திக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை நுழைத்துத் தொட்டும் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டுப் பிறகு மேகசினை எடுத்தால் என்ன நடக்கிறது? பழைய தோட்டா வெளியே விழும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள், ஆனால் ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினின் மேல் தோட்டாவை உள்ளே ஏற்றிவிட்டுத்தான் போயிருக்கும். மேகசின் கையில் இருக்கிறது, துப்பாக்கியோ சுடத் தயாராக இருக்கிறது. பிரவுனிங் ஹை பவர் போன்ற சில பிஸ்டல்களில் மேகசின் இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாதபடி ஒரு தடை உண்டு, கிளாக்கில் கிடையாது. மேகசினை எடுத்தாயிற்று, அதனால் காலி என்று நினைத்து நடக்கிற விபத்து பிஸ்டலுக்கே உரியது, அதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

மெதுவாக இயக்கிப் பாருங்கள்

இரண்டும் காலி என்று உறுதியானதும், போலித் தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு மெதுவாக இயக்கிப் பாருங்கள். .22 போன்ற விளிம்பில் அடிக்கும் தோட்டாவுக்கான துப்பாக்கியாக இருந்தால் வெறுமனே அடிக்க வேண்டாம், ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் மோதிக் கெட்டுவிடும்.

ரிவால்வரை எடுத்து, முனை பாதுகாப்பான திசையில் இருக்க, டிரிகரை மிக மெதுவாக அழுத்துங்கள். முதலில் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு பூட்டு கீழே இறங்கிச் சிலிண்டரை விடுவிக்கும். உள்ளேயிருந்து ஒரு சிறிய கை மேலெழுந்து, சிலிண்டரின் பின்னால் நட்சத்திரம் போலிருக்கும் பல்லைத் தள்ளும், சிலிண்டர் நகர ஆரம்பிக்கும். ஹேமர் எழும். அறை பேரலுக்கு நேராக வருகிற நேரத்தில் பூட்டு மேலே வந்து பள்ளத்தில் விழும், "டிக்" என்று காதில் கேட்கும், விரலிலும் தெரியும். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஹேமர் விடுபட்டு விழும். இவ்வளவு வேலையும் உங்கள் ஒரு விரல் செய்தது. ஸ்பிரிங்கை வளைத்தது, சிலிண்டரைச் சுழற்றியது, பூட்டியது, விடுவித்தது, எல்லாமே. டிரிகர் பொதுவாக 4.5 முதல் 5.5 கிலோ வரை அழுத்தம் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஹேமரைக் கையால் இழுத்து நிறுத்திவிட்டால் வேலையில் பெரும்பகுதி கட்டைவிரலுக்குப் போய்விடுகிறது, டிரிகர் 1.5 - 2 கிலோவுக்கு இறங்கிவிடும், அசைவும் மயிரிழைதான்.

சிலிண்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றும் பாருங்கள். சுடுபவரின் பார்வையில் ஸ்மித் அண்ட் வெஸன் இடஞ்சுழி, கோல்ட் வலஞ்சுழி. பாதி மட்டும் தோட்டா போட்டிருக்கும்போது அடுத்து எந்த அறை மேலே வரும் என்று தெரிந்துகொள்ள இது வேண்டும்.

இப்போது பிஸ்டல். ஸ்லைடை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். முதல் சில மில்லிமீட்டருக்கு பேரலும் கூடவே வரும், பிறகு அதன் பின்முனை கீழே சாய்ந்து நின்றுவிடும், ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போகும். இந்தச் சாயும் பேரல் ஜான் பிரவுனிங்கின் யோசனை, 1911-லிருந்து இன்றுவரை பெரும்பாலான பிஸ்டல்கள் இதைத்தான் ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்துகின்றன. குண்டு பேரலை விட்டு வெளியேறி அழுத்தம் இறங்கும் வரை பின்பக்கம் திறக்கக் கூடாது, அதற்காகத்தான் அந்தச் சில மில்லிமீட்டர் கூட்டுப் பயணம். ஸ்லைடை இன்னும் இழுத்தால் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி காலித் தோட்டாவின் ஓட்டை இழுத்துவரும், எஜெக்டர் அதைத் தட்டி வெளியே வீசும், ஸ்பிரிங் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும், போகிற வழியில் மேகசினின் உதடுகளுக்கு நடுவே நிற்கும் தோட்டாவை முதுகில் தள்ளிக்கொண்டு போய்ச் சரிவில் ஏற்றிச் சேம்பருக்குள் விடும். கிளாக்கில் ஸ்டிரைக்கரும் (ஹேமர் இல்லாமல் தானே பாய்ந்து அடிக்கும் ஃபயரிங் பின்) இதே ஓட்டத்தில் ஓரளவு இழுக்கப்பட்டுவிடுகிறது. மீதிதான் உங்கள் விரலுக்கு. அதனால்தான் டிரிகர் ஏறக்குறைய 2.5 கிலோவில் நிற்கிறது, முதல் தோட்டாவுக்கும் பதினேழாவது தோட்டாவுக்கும் ஒரே மாதிரி இருக்கிறது.

அளவும் எடையும்: ஏமாற வேண்டாத இடம்

"இரண்டுக்கும் 4 அங்குல பேரல்தானே" என்று பலரும் சொல்வார்கள். அப்படி நேராக ஒப்பிட முடியாது. பிஸ்டலின் பேரல் நீளத்தில் சேம்பரும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. ரிவால்வரின் சேம்பர் சிலிண்டரில் இருக்கிறது, அது பேரல் கணக்கில் வராது. ஆக 4 அங்குல ரிவால்வரில் குண்டு ஓடுகிற தூரம் அதே அளவு பிஸ்டலைவிட அதிகம். ஆனால் ரிவால்வருக்கு ஒரு கசிவும் உண்டு: சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இடைவெளி, ஒவ்வொரு முறையும் அதன் வழியாகச் சூடான வாயு பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். பிஸ்டல் பழகிய கையோடு ரிவால்வரைப் பிடிப்பவர்கள் இடது கட்டைவிரலை முன்னே நீட்டி வைக்கிற பழக்கத்தில் அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுவார்கள். விரல் கிழிந்துவிடும், சக்திவாய்ந்த தோட்டாவாக இருந்தால் அதைவிட மோசமாகும். கட்டைவிரலை மடித்து மற்ற கட்டைவிரலின் மேல் பூட்டிக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில், ரிவால்வர் பழகியவர்கள் பிஸ்டலைப் பிடிக்கும்போது இடது கட்டைவிரலைப் பின்பக்கமாகக் குறுக்கே போடுவார்கள், அங்கேதான் ஸ்லைடு பாய்ந்து வரும். இரண்டையும் ஒரே நாளில் சுடுகிறவர்கள் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கையைப் பார்த்துவிட்டு விரலை வையுங்கள்.

எடையில், மாடல் 10 காலியாகவே ஒரு கிலோவுக்குப் பக்கம் வரும். கிளாக் 17 மேகசின் இல்லாமல் சுமார் 630 கிராம், 17 தோட்டாவோடு 900 கிராமைத் தொடும். சுடச் சுடப் பிஸ்டல் 200 கிராம் வரை இளைத்துக்கொண்டே போகிறது, ரிவால்வரில் அப்படி எந்த மாற்றமும் கையில் தெரியாது, காலி ஓடு உள்ளேயே இருக்கிறதே.

தோட்டா வேறு, காலம் வேறு

இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் ரசிப்பது தோட்டாக்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது. .38 ஸ்பெஷலின் ஓடு 29 மி.மீ.க்கு மேல் நீளம், 9 மி.மீ.யின் ஓடு 19 மி.மீ.தான். நீளமானதுதான் பலமானது என்று நினைப்பீர்கள், நடப்பது தலைகீழ். .38 ஸ்பெஷல் 1898-ல் கருமருந்தை மனதில் வைத்து உருவானது, கருமருந்துக்கு இடம் நிறைய வேண்டும். பிறகு புகையற்ற மருந்து வந்து இடத்தேவை குறைந்தது, ஓட்டின் நீளம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. 1902-ல் வந்த 9 மி.மீ. பாராபெல்லம் ஆரம்பத்திலேயே புகையற்ற மருந்துக்கென்று குறுக்கி வடிவமைக்கப்பட்டது.

எண்ணில் சொன்னால், சாதாரண .38 ஸ்பெஷலில் 10.2 கிராம் குண்டு நொடிக்கு சுமார் 235 மீட்டர் வேகத்தில் போகும், ஏறக்குறைய 280 ஜூல். 9 மி.மீ.யில் 8 கிராம் குண்டு நொடிக்கு சுமார் 350 மீட்டர், 490 ஜூல். அழுத்த உச்சவரம்பு அமெரிக்கத் தரப்படி .38-க்கு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்ட், 9 மி.மீ.க்கு 35,000. இரண்டு மடங்குக்கும் மேல்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய விஷயம் பழைய இரும்பு. மாடல் எண் முத்திரை இல்லாத பழைய மிலிட்டரி அண்ட் போலீஸில் "பிளஸ் பி" என்று பெட்டியில் போட்ட கூடுதல் அழுத்தத் தோட்டாவைப் போடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் கருமருந்து ரிவால்வர் ஏதாவது கையில் கிடைத்தால், அறையில் தோட்டா பொருந்துகிறது என்பதற்காக இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடக் கூடாது. துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் எதுவும்.

ரிவால்வருக்கு இங்கே ஒரு பெரிய சுதந்திரமும் உண்டு. இயக்குவது விரல் என்பதால் தோட்டா எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. குறி பயிற்சிக்கென்றே வருகிற தட்டை மூக்கு மென்தோட்டாக்களும் சுடும், .357 மேக்னம் ரிவால்வராக இருந்தால் .38 ஸ்பெஷலையும் சேர்த்தே சுடலாம். பிஸ்டலுக்கோ தன் ஸ்லைடைத் தள்ளுகிற அளவு பலம் வேண்டும், தோட்டா மென்மையாகிவிட்டால் சுழற்சி பாதியில் நின்றுவிடும்.

சுடும் தளத்தில்

7 மீட்டரில் ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றிலும் நிதானமாக ஐந்து, ஐந்தாகச் சுட்டு, ஐந்து துளைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று அளந்து எழுதுங்கள். ரிவால்வரில் இரண்டு தனிக் கணக்கு வேண்டும்: ஹேமரை இழுத்து நிறுத்திச் சுட்டது ஒன்று, டிரிகரை முழுதாக இழுத்துச் சுட்டது ஒன்று. இரண்டையும் கலந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஹேமரை நிறுத்திச் சுட்டால் ரிவால்வரில்தான் பலருக்கும் துளைகள் நெருங்கி விழும், முழு இழுப்பில் அதே ஆளுக்குப் பரந்து போகும். அது துப்பாக்கியின் குறை கிடையாது, பேரல் அதேதான். 5 கிலோவை ஒரு கிலோ எடையுள்ள பொருளின் மேல் அழுத்தும்போது பொருள் ஆடத்தான் செய்யும், ஆடாமல் அழுத்தப் பழகுவதுதான் ரிவால்வர் பயிற்சி முழுவதும்.

முழு இழுப்பில் பாதியில் நிறுத்தி, குறி பார்த்து, மீதியை அழுத்துவது என்று ஒரு பழக்கம் சிலரிடம் ஒட்டிக்கொள்ளும். வேண்டாம். ஒரே வேகத்தில், ஒரே ஓட்டமாக இழுத்து முடியுங்கள். விடும்போதும் டிரிகரை முழுவதும் முன்னுக்கு வரவிடுங்கள், பாதியில் மறுபடி அழுத்தினால் சிலிண்டர் ஒரு தோட்டாவைத் தாண்டிப் போய்விடலாம் அல்லது டிரிகர் அப்படியே கட்டிக்கொள்ளும். பிஸ்டலில் இதற்கு நேர்மாறு: டிரிகரைக் கொஞ்சம் விட்டாலே ஒரு "கிளிக்", அங்கிருந்தே அடுத்ததை அழுத்தலாம். பிஸ்டலில் வேகம் வருவது மேகசினால் மட்டும் என்று நினைக்காதீர்கள், பாதிக்கு மேல் இந்தக் குறுகிய திரும்பலால்தான்.

உதைப்பு எப்படி? கணக்கின்படி இந்த ஜோடியில் ரிவால்வர் குறைவாக உதைக்க வேண்டும், தோட்டா மென்மை, இரும்பு கனம். ஆனால் ரிவால்வரின் பேரல் கைக்கு வெகு மேலே இருக்கிறது, அதனால் முனை மேல்நோக்கிச் சுழன்று எழும். கிளாக்கில் பேரல் கையோடு ஒட்டித் தாழ்ந்திருக்கிறது, உதைப்பும் ஸ்லைடின் ஓட்டத்தில் கொஞ்சம் நீண்டு பரவுகிறது, எனவே கூர்மையாகத் தெரிந்தாலும் குறி சீக்கிரம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஒரு கையால் சுட்டும் பாருங்கள், வித்தியாசம் இன்னும் வெளிச்சமாகத் தெரியும்.

பயந்து சிமிட்டுகிற பழக்கத்தைக் கண்டுபிடிக்க ரிவால்வரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. நண்பர் ஒருவர் சிலிண்டரில் நான்கு நிஜத் தோட்டாவும் இரண்டு போலித் தோட்டாவும் கலந்து போட்டு, சுழற்றி மூடிக் கொடுக்கட்டும். எது எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. போலித் தோட்டாவின் மேல் ஹேமர் விழும்போது முனை கீழே குத்தினால், இத்தனை நாளாகக் குறி தவறியது ஏன் என்று உங்களுக்கே புரிந்துவிடும். நண்பருக்கும் தெரியும், அதுதான் நல்லது.

சிக்கிக்கொண்டால்

ரிவால்வர் சிக்கவே சிக்காது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தவறு. அது குறைவாகச் சிக்கும், சிக்கினால் கடுமையாகச் சிக்கும்.

பிஸ்டலின் கோளாறுகள் சுழற்சியின் ஏதாவது ஒரு கட்டத்தில் நடக்கின்றன. காலி ஓடு வெளியேறாமல் வாயிலில் குத்திட்டு நிற்கும், தோட்டா சரிவில் ஏறாமல் மூக்கு முட்டி நிற்கும், பழைய ஓடு உள்ளேயே இருக்கப் புதியது பின்னால் வந்து முட்டும். காரணம் பெரும்பாலும் மேகசினாகத்தான் இருக்கும், உதடு வளைந்திருக்கும் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதனால் மேகசின் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எழுதி வையுங்கள். கோளாறு வந்ததும் எந்த எண் உள்ளே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணம் நீங்கள்: மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் சட்டகமும் ஸ்லைடோடு பின்னுக்குப் போய்விடும், ஸ்லைடுக்கு முழு ஓட்டம் கிடைக்காது. ரிவால்வருக்கு உங்கள் மணிக்கட்டு எப்படி இருந்தாலும் சரிதான். பிஸ்டலின் பெரும்பாலான கோளாறுகளை, மேகசினை அடியில் தட்டி ஸ்லைடை இழுத்துவிட்டால் இரண்டு நொடியில் தீர்த்துவிடலாம்.

ரிவால்வரில் அப்படித் தட்டி இழுக்க எதுவும் இல்லை. நட்சத்திரத்துக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் நாலைந்து போய் உட்கார்ந்தால் போதும், சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுற்றாது. நடுக்கம்பி மரை கழன்று முன்னுக்கு வந்துவிட்டால் சிலிண்டர் திறக்கவே முடியாமல் பூட்டிக்கொள்ளும். எடை குறைந்த ரிவால்வரில் கடுமையான தோட்டா போட்டால் உதைப்பில் மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் ஓட்டைவிட்டு முன்னுக்கு நழுவி, சிலிண்டரின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு, சுற்றவிடாமல் நிறுத்திவிடும். இவை எதையும் தளத்தில் நின்றபடி அவசரமாகச் சரிசெய்ய முடியாது.

தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி டிரிகரை இழு, அவ்வளவுதான், என்பதை ரிவால்வரின் பெரிய பெருமையாகச் சொல்வார்கள். ஆபத்தான நேரத்தில் அது பெருமைதான். சுடும் தளத்தில் அப்படிச் செய்யாதீர்கள், குறிப்பாகத் தோட்டா பழசாக இருந்தால். பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி) அடிபட்டும் சில நொடி தாமதித்து வெடிக்கிற தோட்டா உண்டு. நீங்கள் டிரிகரை மறுபடி இழுத்தால் அந்தத் தோட்டா பேரலை விட்டுப் பக்கத்துக்குப் போய்விடுகிறது, அங்கே வைத்து வெடித்தால் குண்டு போக வழியில்லை. முனையை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடி காத்திருங்கள், பிறகு திறங்கள். பிஸ்டலுக்கும் 30 நொடிதான் விதி.

அதேபோல "புஸ்" என்று மெல்லிய சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மருந்து குறைவான தோட்டாவின் குண்டு பேரலில் பாதியில் நின்றிருக்கலாம். இந்த இடத்தில் பிஸ்டல் கொஞ்சம் காப்பாற்றுகிறது: பலமில்லாத வெடிப்பு ஸ்லைடைத் தள்ளாது, துப்பாக்கி தானாகவே நின்றுவிடும், நீங்கள் கையால் இழுத்து அடுத்ததை ஏற்றினால்தான் ஆபத்து. ரிவால்வரில் உங்கள் விரல் ஓடிக்கொண்டே இருக்கும், சந்தேகம் வருவதற்குள் அடுத்த குண்டு போய் முதல் குண்டின் முதுகில் மோதிவிடும், பேரல் பிளந்துவிடும்.

மறுபடி நிரப்புவது

இதில் வாதத்துக்கே இடமில்லை, பிஸ்டல்தான். பழைய மேகசின் விழுகிறது, புதியது ஏறுகிறது, ஸ்லைடு மூடுகிறது. ரிவால்வரில் திறந்து, முனையை மேலே தூக்கிக் கம்பியை உள்ளங்கையால் அடித்து, காலி ஓடுகளைக் கீழே விழச்செய்து, முனையைத் தாழ்த்தி ஸ்பீட்லோடரால் (ஆறு தோட்டாவையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் கருவியால்) ஆறையும் நுழைத்து மூட வேண்டும். தொடர்ந்து பழகியவர்கள் அசாத்தியமாகச் செய்வார்கள்: அமெரிக்கத் துப்பாக்கி சுடும் வீரர் ஜெர்ரி மிக்யூலெக் 1999-ல் ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட்டு முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 2.99 நொடி. ஆனால் அது ஆறு தோட்டாவையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் உலோகத் தகட்டோடு, ஒரு வாழ்நாள் பயிற்சியோடு செய்தது. அடிபட்ட கை என்ன செய்யும் என்பதற்கு 1986 ஏப்ரல் 11-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையைப் பார்க்க வேண்டும். எஃப்பிஐ ஆட்கள் பலரிடமும் இருந்தது ரிவால்வர், கையில் காயம்பட்ட ஒருவரால் அதை மறுபடி நிரப்ப முடியவில்லை. இரண்டு எஃப்பிஐ ஆட்கள் இறந்தார்கள். அமெரிக்கப் போலீஸ் துறைகள் ரிவால்வரை விட்டுப் பிஸ்டலுக்கு நகர்ந்ததில் அந்த நாளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கீழே விழுந்தால்

பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் ஹேமர் இறங்கியிருக்கும்போது ஃபயரிங் பின் நேராகப் பிரைமர் மேல் உட்கார்ந்திருக்கும். ஹேமரில் ஓர் அடி விழுந்தால் வெடிக்கும். அதனால் ஆறு அறை இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா, ஹேமருக்கு அடியில் காலி அறை, இதுதான் அந்தத் துப்பாக்கியின் சரியான பயன்பாடு. ரூகர் 1973-ல் தன் சிங்கிள் ஆக்‌ஷன்களில் இடைத்தகடு ஒன்றைச் சேர்த்து இதைத் தீர்த்தது. ஸ்மித் அண்ட் வெஸனில், இரண்டாம் உலகப் போரின்போது கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்து ஒரு ரிவால்வர் வெடித்து ஒருவர் இறந்த பிறகு, ஹேமரைத் தடுக்கும் புது ஏற்பாடு வந்தது. அதற்கு முந்தையது உங்களிடம் இருந்தால் அதிலும் ஐந்துதான் போடுங்கள். இன்றைய பெரும்பாலான பிஸ்டல்களில் ஃபயரிங் பின்னை ஒரு தடைக்கட்டை மறித்துக்கொண்டே இருக்கும், டிரிகர் முழுவதும் அழுத்தப்பட்டால்தான் அது விலகும். ஆனால் கிளாக் வகைகளில் தனியாக ஒரு பாதுகாப்பு நெம்புகோல் இல்லை, டிரிகரும் லேசு. உறையில் போடும்போது சட்டை நுனியோ கயிறோ டிரிகரில் மாட்டினால் சுட்டுவிடும், ரிவால்வரின் 5 கிலோ அங்கே ஒரு காவலாக நிற்கும்.

பழைய ரிவால்வரைச் சோதிப்பது

காலி என்று உறுதியானதும் ஹேமரைக் கட்டைவிரலால் மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் மேலே மாட்டி நிற்பதற்கு முன்பே சிலிண்டர் "டிக்" என்று பூட்ட வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரைக் கையால் தள்ளித்தான் பூட்ட வேண்டியிருந்தால் பாகங்கள் தேய்ந்து, பூட்டும் நேரக்கணக்கு தப்பிவிட்டது, அப்படிப்பட்டதில் குண்டு பேரல் வாயின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போகும், ஈயத்துணுக்கு பக்கத்தில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்து பாருங்கள், ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் கெட்டிருப்பது சகஜம். அப்புறம் ஹேமரை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலால் பின்னாலிருந்து முன்னுக்கு அழுத்துங்கள், நழுவி விழக் கூடாது. சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், இடைவெளியில் அளவுத்தகடு விட்டுப் பாருங்கள்.

பிஸ்டலில் இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. மேகசின்கள், ஸ்லைடு ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டரின் நகம், இவைதான் தேய்கிற பாகங்கள், மூன்றையும் கழற்றி மாற்றிவிடலாம். ரிவால்வரில் சிலிண்டரைத் தள்ளும் அந்தச் சிறிய கை தேய்ந்தால் அதை மாற்ற, அந்தத் துப்பாக்கிக்கே அளவு பார்த்து அரம் போடத் தெரிந்த ஆள் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சுத்தம் செய்யும்போது ரிவால்வரில் நட்சத்திரத்தின் அடியையும் சிலிண்டரின் முகத்தையும் விட்டுவிடாதீர்கள், .357-ல் .38 சுட்டிருந்தால் அறைக்குள் படிந்த கரி வளையத்தையும் தேய்த்தெடுங்கள், இல்லாவிட்டால் நீளமான தோட்டா உள்ளே போக மறுக்கும். கிளாக்கைக் கழற்ற டிரிகரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும், ஆகவே மேலே சொன்ன காலிச் சோதனையை அந்த இடத்தில் மறுபடி ஒருமுறை முழுதாகச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் எதையும் சாப்பிட வேண்டும், ஈயப்புகை இரண்டிலும் ஒன்றுதான்.

எழுதிவைத்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை போகும்போது வரிசையை மாற்றி, எதைக் கடைசியாகச் சுட்டீர்களோ அதை முதலில் சுடுங்கள், களைத்த கையின் கணக்கு ஒரே துப்பாக்கியின் தலையில் விழாமல் இருக்கும்.